பதினொரு விபத்துகளுக்கு ஒரு சான்றிதழ்

என் வீட்டுக்காரர் உண்மை பேசிக் கெட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அதுவும் கார் இன்சூரன்ஸ் எடுக்கப் போன இடத்தில்.

முப்பது வருஷம் தோட்டத்து லொறி ஓட்டியவர் அவர். மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றி வந்து ஃபெக்டரியில் இறக்குவது வேலை. கஹவத்தையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஏறும் பாதையை ரோடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் பள்ளம், நடுவில் கல். பெரிய மழை பெய்த மறுநாள் அந்தக் கல்லும் இருக்காது.

ஐம்பத்தைந்து வயதில் வேலை முடிந்து ஈ.பி.எஃப். சேமிப்புக் காசு கைக்கு வந்தது. வீட்டுக் கூரைத் தகரம் மாற்ற வேண்டியிருந்தது. அவர் யாரையும் கேட்காமல் பெல்மதுளைக்குப் போய் ஒரு பழைய காரைப் பேசி முடித்துவிட்டு வந்தார். சாம்பல் நிறம். என்னைவிட இரண்டு வயது மூத்தது. நான் கூரையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன்.

“முப்பது வருஷம் கம்பெனி லொறி ஓட்டிட்டேன். ஒரு நாளாவது என் சொந்த வண்டிய ஓட்டணும்” என்றார்.

நான் கூரையை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கார்மேல் உள்ளூர ஆசைதான். நான் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அதற்கு முந்திய வருஷ டிசம்பர் விடுமுறையில் கஹவத்தையில் கார் ஓட்டப் பழகி, லைசன்ஸ் எடுத்து, பட்டுச் சேலைக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன். அதைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் ஒன்றுதான்: “அது அலமாரியில இருக்கிறது வீட்டுக்கும் நல்லது, ரோட்டுக்கும் நல்லது.”

இன்சூரன்ஸ் இல்லாமல் காரை ரோட்டில் இறக்க முடியாது. விற்றவர் கொண்டுவந்து வாசலில் நிறுத்திய காரை விட்டுவிட்டு, இரண்டு பேரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு இன்சூரன்ஸ் தேடிப் புறப்பட்டோம்.

முதலில் போனது கஹவத்தையில், மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு ஏஜண்டிடம். இரண்டு வகை இருக்கிறது என்று அவர் விளக்கினார். ஒன்று, மூன்றாம் ஆள் இன்சூரன்ஸ். நம் வண்டி அடுத்தவரை இடித்தால் அவருக்குக் கொடுப்பார்கள், நமக்கு ஒன்றும் இல்லை. விலை மலிவு. இன்னொன்று ஃபுல் இன்சூரன்ஸ். நம் வண்டிக்கு என்ன ஆனாலும் கிடைக்கும்.

“என் முப்பது வருஷக் காசு. ஊரான் வண்டிக்குக் குடுப்பீங்க, என் வண்டிக்குக் குடுக்க மாட்டீங்களா? ஃபுல்லே போடுங்க” என்றார் என் வீட்டுக்காரர்.

ஏஜண்ட் ஃபாரத்தை எடுத்தார். ஓட்டுகிறவருக்கு இதற்கு முன் விபத்து உண்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்தக் கேள்விக்காகவே அவர் வந்த மாதிரி இருந்தது.

இங்கே எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். லொறி டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது ஆபீசில் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை தடவை கவிழ்த்திருக்கிறாய் என்பதுதான். ஒரு தடவையும் கவிழ்க்காதவன் எங்கள் ரோட்டில் ஓட்டியதே இல்லை என்று அர்த்தம். அவனை நம்பி யாரும் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். கவிழ்ந்து, எழுந்து, கொழுந்தையும் காப்பாற்றியவனுக்குத்தான் மதிப்பு. கல்யாண வீடுகளில்கூட டிரைவர்மார் ஒன்றாக உட்கார்ந்தால் பேசுவது இதைத்தான். கவிழ்ந்ததும் இடித்ததுமாக என் வீட்டுக்காரருடைய எண்ணிக்கை பதினொன்று. அந்த வட்டாரத்தில் அதை மிஞ்ச ஆள் இல்லை.

“கோயில் வளைவுல மூணு” என்று ஆரம்பித்தார். “அதுல ஒண்ணு ரெண்டு சுத்து உருண்டிச்சி. கொழுந்துச் சாக்கு ஒண்ணுகூட அவுழல. பாலத்துல ரெண்டு. பெரேக் அந்துபோயி திட்டுல ஏத்தி நிப்பாட்டினது நாலு...”

ஏஜண்ட் ஐந்தாவதோடு எழுதுவதை நிறுத்திவிட்டார். ஒன்பதாவதில் பேனாவை மூடினார். கடைசியில் ஒரு தொகை சொன்னார். அந்தக் காசுக்கு இன்னொரு காரே வாங்கலாம் போலிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, “டீச்சருக்கு லைசன்ஸ் இருக்கா? டீச்சர் மட்டும் ஓட்டுறதுன்னா நிறையக் குறையும்” என்றார். என் வீட்டுக்காரர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே வந்தார். “அந்த ஆளு என்ன நம்பல. கையில அத்தாட்சி இல்லாமப் போனது நம்ம பிழை” என்று முடிவுக்கு வந்தார். வெளியில் எந்த ஆபீசுக்குப் போனாலும் தோட்டத்துக் கடிதம் ஒன்று கையில் வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. ஆஸ்பத்திரிக்குக் கடிதம், பொலிசுக்குக் கடிதம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கடிதம். மறுநாளே ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரைப் பிடித்து, ஆங்கிலத்தில் டைப் அடிக்க வைத்து, மனேஜர் தொரையின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்துவிட்டார். முப்பது வருஷ சேவையில் பதினொரு விபத்துகளைச் சந்தித்தும் உயிர்ச்சேதமின்றித் தோட்டத்தின் கொழுந்தைக் காப்பாற்றியவர் என்று அதில் இருந்தது. கீழே பதினொன்றும் வரிசையாக.

அதை வாங்கிப் படித்துப் பார்த்தபோதே இது வேலையைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. “எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லீங்க” என்று மட்டும் சொல்லி, பிளாஸ்டிக் கவர் ஒன்றையும் தேடிக் கொடுத்தேன்.

பெல்மதுளை ஏஜண்ட் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். இப்படி ஒரு மனுஷனைத் தான் கண்டதே இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். இன்சூரன்ஸ் மட்டும் தர முடியாது என்றார்.

கடைசியாக இரத்தினபுரிக்குப் போனோம். அங்கே இருந்தவர் ஒரு சின்ன வயதுப் பெண். சிங்களப் பெண்தான், ஆனாலும் நல்ல தமிழ் பேசினார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

“அங்கிள், நீங்க பெரிய டிரைவர்தான். ஆனா எங்களுக்குச் சின்ன டிரைவர்தான் புடிக்கும்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மிஸ், நீங்க கவர்மெண்ட் டீச்சர். விபத்து ஒண்ணும் இல்ல. பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும்தான் ஓட்டுவீங்க. ஒங்க பேர மட்டும் போட்டா இவ்வளவுதான்.” ஒரு துண்டில் எழுதிக் காட்டினார். எங்களால் கட்டக்கூடிய தொகை.

“அப்ப நான் ஓட்டினா?” என்றார் என் வீட்டுக்காரர்.

“நீங்க ஓட்டுற நேரம் ஏதாவது நடந்தா கம்பெனி ஒரு சதமும் தராது அங்கிள்.”

அவர் அந்தத் துண்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கடிதத்தை எடுத்து மடித்துக் கவருக்குள் போட்டார். “போடு கையெழுத்த” என்றார் என்னிடம். போட்டேன். கை நடுங்கியது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல முத்து முத்தான கையெழுத்து.

அடுத்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் காருக்குப் பூசை. நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. டிரைவர் ஏறி நசுக்க வேண்டும். பூசாரி என் வீட்டுக்காரரைப் பார்த்து, “ஏறுங்க டிரைவரய்யா” என்றார்.

“அவங்கதான் ஏறணும்” என்று என்னைக் கைகாட்டினார் அவர்.

பூசாரி என்னைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த லயத்து வீட்டு ஆட்கள் நாலடி பின்னால் தள்ளி நின்றார்கள். நான் ஏறி, கிளச்சை விட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றுபோனது. ஒரு பழமும் நசுங்கவில்லை. மூன்றாவது முயற்சியில் நாலும் நசுங்கின, பக்கத்தில் வைத்திருந்த பூசைத் தட்டும் சேர்ந்து நசுங்கியது.

அந்த ஒரு வருஷம் நான்தான் ஓட்டினேன். எனக்கு ரிவர்ஸ் சரியாக வராது. அதனால் வண்டியைத் திருப்புவதற்காக, காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்களம் வரைக்கும் போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். கங்காணி எனக்காகவே கூட்டத்தை இரண்டாகப் பிரித்து வழி விடுவார். என் வீட்டுக்காரர் இடது பக்க சீட்டில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து ரப்பர் விரிப்பில் ஓட்டை போட்டுவிட்டார். ரோட்டில் யாராவது கண்ணில் பட்டால் தலையை வெளியே நீட்டி, “டிரைவர் வச்சிருக்கேன்பா. கவர்மெண்ட் டிரைவர்” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நானும்தான்.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அது என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வருஷம். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது அதிபரே வந்து பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் காரைக் கழுவி முடித்துவிட்டு வலது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். சாவி என் மேசையில் இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். பிறகு மறுபக்கம். வாயால் கியர் மாற்றுகிற சத்தம் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது, கஹவத்தையிலிருந்து ஒவ்வொரு வளைவாக ஏறி வந்துகொண்டிருந்தார். கோயில் வளைவில் ஹோர்ன் அடிக்கக்கூட கை போனது, ஆனால் அடிக்கவில்லை, நான் கேட்டுவிடுவேன் என்று. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. நான் அழுதேன். பிளாஸ்டிக் கவர் தேடிக் கொடுத்த என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வருஷம் முடிந்து இன்சூரன்ஸைப் புதுப்பிக்க இரத்தினபுரிக்குப் போனோம். அவர் அந்த ஆபீசுக்குள் வர மாட்டேன் என்று எதிர்த் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், “மிஸ், ஒரு கீறல் இல்ல. இந்த வருஷம் இன்னும் குறையும்” என்றார்.

“மூணாம் ஆள் இன்சூரன்ஸ் போட்டா யாரு வேணும்னாலும் ஓட்டலாந்தானே?”

“லைசன்ஸ் இருந்தா ஓட்டலாம். ஆனா ஒங்க வண்டிக்கு ஒண்ணும் கிடைக்காது மிஸ். விபத்தில்லாம சேர்த்து வச்ச தள்ளுபடியெல்லாம் வீணாப் போயிரும்.”

“போகட்டும்” என்றேன்.

வெளியே வந்து சாவியை அவரிடம் நீட்டினேன். விஷயத்தைச் சொன்னதும் நடுரோட்டில் வைத்துத் திட்டினார். “பைத்தியமா ஒனக்கு? நம்ம ரோட்டுல ஃபுல் இல்லாம யாராவது வண்டி ஓட்டுவானா?” வாய் திட்டிக்கொண்டிருக்க, கால் வலது பக்கக் கதவுக்குப் போய்விட்டது. உயரத்துக்காக நான் சீட்டில் போட்டிருந்த தலையணையை எடுத்துப் பின் சீட்டில் எறிந்தார். சீட்டைப் பின்னால் தள்ளினார்.

கஹவத்தை வரைக்கும் அந்தக் கார் அவ்வளவு அமைதியாக ஓடும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இடது சீட்டில் உட்கார்ந்திருந்த நான் அந்த ஓட்டை விரிப்பை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. கோயில் வளைவில் எதிரே தோட்டத்து லொறி வந்தது, கொழுந்து ஏற்றிக்கொண்டு. கொழுந்து லொறிக்கு எல்லா வண்டியும் வழி விட வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். முப்பது வருஷம் வழி வாங்கியே பழகியவருக்கு விட்டுப் பழக்கமில்லை. இடது பக்கம் ஒதுக்கினார். என் பக்கத்துக் கதவு பாறையில் உரசி, முன்னிருந்து பின்வரை உள்ளே போய்விட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தார். கதவில் விழுந்த பள்ளத்தைக் கையால் தடவினார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“பன்னெண்டு” என்றார். பிறகு அந்த மனுஷன் சிரித்த சிரிப்பில் லொறிக்காரன் வண்டியை நிறுத்திவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். “எழுது டீச்சர். பதினொண்ணுக்குக் கீழ. பன்னெண்டு, சொந்தக் கார்.”

பேனாவைக் கையில் எடுத்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. “இந்தக் கடிதத்தக் காட்ட வேணாம்னு அன்னிக்கே நான் சொல்லியிருக்கணுங்க” என்றேன்.

“தெரியும்” என்றார். “ரெண்டாவது ஆபீசிலேயே வெளங்கிடுச்சி.”

“அப்ப ஏங்க இரத்தினபுரியிலயும் காட்டினீங்க?”

“அலமாரியத் தெறந்து அந்த லைசன்ச நீ தெனமும் பார்க்கிறது எனக்குத் தெரியாதா? ஒரு வருஷம் நீ ஓட்டணும்னு நெனச்சேன். சரி, எழுது, கையெழுத்து நல்லா இருக்கணும்.”