பெருங்காய டப்பாவில் ஐந்து சுருட்டுகள்

மும்பை மழை தெருவோடு நிற்பதில்லை. பெல்ட்டுக்குள் வரும், ஷூவுக்குள் வரும், அலமாரியில் மடித்து வைத்த பட்டுச் சேலைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜூன் பிறந்தால் எங்கள் செம்பூர் வீட்டில் தோல் சாமான்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளை மீசை முளைக்கும். அந்த வீட்டில்தான் மச்சான், மழைக்குச் சில நாள் முன்னால், ஐந்து சுருட்டுகளை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். சரக்குக் கப்பலில் சமையற்காரர். தாராவியில் அவர் வீட்டுக்குத் தகரக் கூரை. மே மாத வெயிலில் மெழுகுவர்த்தியே வளைந்துவிடும், சுருட்டு எம்மாத்திரம்.

“கேப்டன் குடுத்தது மாப்ளே. இதான் எனக்குக் கடைசிக் கப்பல். இறங்கி வந்த அன்னிக்கு நாம ரெண்டு பேரும் பத்த வைக்கணும். ஃப்ரிட்ஜ்ல மட்டும் வச்சிராதிய, காஞ்சு சருகாப் போயிரும்.”

சுருட்டுக்கென்றே செய்த மரப்பெட்டியின் விலையைக் கேட்டேன். அதற்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கலாம். வீட்டிலேயே இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று சும்மா கிடந்தது. கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்தேன். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைக் கொட்டி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டேன். உப்பு கரையக் கூடாது, ஜூஹு கடற்கரையின் ஈர மணல்போல இருக்க வேண்டும். ஈரம் கூடினால் உப்பு குடித்துக்கொள்ளும், குறைந்தால் திருப்பிக் கொடுக்கும். மூடிய டப்பாவுக்குள் ஈரத்தை எழுபத்தைந்து சதவீதத்தில் நிறுத்தும்; சுருட்டு காயவும் காயாது, பூசணமும் பிடிக்காது. நான் வாங்கி உள்ளே வைத்த மலிவு ஈரமானி எண்பத்தொன்று என்றது. ஆறு கூடச் சொல்லும் பொய்யன் என்று தெரிந்துகொண்டு, அதன் நெற்றியில் ‘6 கழி’ என்று எழுதி ஒட்டினேன். சுருட்டுகளை உள்ளே அடுக்கி மூடினேன். கர்வமாக இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். ஈரம் சரி. வாசனைதான் சாம்பார்.

“அது பெருங்காய டப்பால்லா?” என்றாள் மனைவி. “ஒரு வார்த்தை கேட்டா என்ன? மூஞ்சில மூக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?”

பெருங்காயம் பிளாஸ்டிக்கை விட்டுப் போகாது என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. அன்றைக்கே மாட்டுங்கா கடைத்தெருவுக்கு ஓடி, ரப்பர் வளையம் வைத்த புதுக் கண்ணாடி ஜாடி வாங்கினேன். புது உப்பு, புது மூடி. ஞாயிறுதோறும் ஜாடியை இரண்டு நிமிடம் திறந்து மூடினேன். மழை முழுக்க அதுதான் வேலை. சுருட்டை விரலால் அழுத்துவேன். பழுத்த சப்போட்டாபோல லேசாக அமுங்கும். பூசணம் இல்லை. நாற்றம் குறைந்தது. போனது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடலில் எங்கோ ஒரு மனிதர் தன் கடைசிக் கப்பலில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஒரே ஆசை என் ஜாடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நவம்பரில் வந்தார். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனோம். ஒன்றை எடுத்து மூக்கடியில் ஓட்டினார். கை நின்றது.

“மாப்ளே, இத எதுல வச்சிருந்திய?”

சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை.

மாடி அதிரச் சிரித்தார். “கப்பல்ல பெருங்காயத்தத் தொறந்தா ஆபீசர்மாரு வள்ளுனு விழுவானுவ. நான் அத எங்க ஒளிச்சு வச்சிருந்தேன் தெரியுமா? கேப்டனோட காலிச் சுருட்டுப் பெட்டியில!”

பற்ற வைத்தார். வட்டமாக, ஒரே சீராகப் பிடித்தது. சாம்பல் உதிராமல் ஓர் அங்குலம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இழுத்தார். நான் ஈரமானியைப்போல அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“நல்லா இருக்கு” என்றார். கொஞ்சம் கழித்து, “உண்மையாவே” என்றார்.

அந்த ‘உண்மையாவே’யில் எத்தனை கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னுடையதைப் பற்ற வைத்துக்கொண்டேன். மீதி மூன்றும் ஜாடியில் இருக்கின்றன. மூடியில் உப்பு காய்கிறது. நாளைக்கு இரண்டு சொட்டு விட வேண்டும்.