சந்தனம் அடைத்த மூடிகள்

இன்று காலை மனைவி உடைத்த முட்டை அழுகியிருந்தது. வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்து, எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டேன். "முட்டதானே! வீடே பத்திக்கிட்ட மாதிரி ஓடுறீங்க?" என்றாள். உங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருக்கும். வாடை முழுக்கப் போகும்வரை நான் அடுப்பை மறுபடி பற்றவைக்க விடவில்லை.

புக்கிட் செலம்பாவ் ரப்பர் தோட்டத்துப் பையனான எனக்குப் பால்மரம் தெரியும், பாய்மரம் தெரியாது. சுங்கை பட்டாணி டவுனில் இரும்புக்கடை வைத்திருந்த அண்ணன் ஒருவர், ஆசைப்பட்டு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி மெர்போக் ஆற்றில் கட்டியிருந்தார். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காற்று இருந்தால் படகு ஓடிவிடும். ஆனால் விளக்குக்கும், உள்ளே கசியும் நீரை இறைக்கும் பம்புக்கும் பேட்டரி வேண்டும். படுக்கைக்கு அடியில் இரண்டு கிடந்தன. தண்ணீர் குறைந்தால் ஊற்ற வேண்டும், கரையிலிருந்து கம்பி இழுத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஏறும்போது வாயு வரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும், மிஞ்சிச் சூடேறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. வீட்டில் சோறு தின்னும்போதும் அந்த வாடை இருக்கிறதா என்று கையை மோந்து பார்ப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. கடைத் தராசுக்கும் லாரிக்கும் பொட்டு வைத்த அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், படகையும் விடவில்லை. நான் வாழை இலை வாங்கிவரப் போயிருந்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. திரும்பி வந்தால் படகின் கதவு, மேல்மூடி எல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தன. திறந்ததும் அழுகிய முட்டை வாடை.

உள்ளே அக்கா சூடத்தட்டோடு உட்கார்ந்திருந்தார். பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதில் தண்ணீர் ஊற்றும் மூடி ஒவ்வொன்றுக்கும் அழகாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். வாயு போகிற பொடித்துளைகள் பலவும் அடைபட்டுப் போயிருந்தன. அக்கா கையில் தீக்குச்சி.

"அக்கா, உரசாதீங்க!"

"நல்ல நாள்ல ஏன் தம்பி கத்துற? சூடம் காட்டிட்டு எந்திரிக்கிறேன் லா."

தீப்பெட்டியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன். அக்காவைக் கையைப் பிடித்து மழையிலேயே வெளியே இழுத்தேன். பிறகு கரைக்கு ஓடி, அங்கேயே கம்பிக்கு வரும் மின்சாரத்தை அணைத்தேன். வாடை போக வெகுநேரம் காத்திருந்து உள்ளே போனபோது, ஒரு பேட்டரியின் பக்கம் உப்பியிருந்தது. தொட்டால் இன்னும் சூடு. ஈர்க்குச்சியால் துளை துளையாகச் சந்தனத்தைக் கிண்டி எடுத்தேன்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். நனைந்த புடவையோடு அக்கா கேட்டார்: "கோவத்துல கத்துனியா, பயத்துல கத்துனியா?"

"பயத்துலக்கா."

"அப்ப சரி."

அதற்குப்பின் ஒவ்வோர் ஆண்டும் பூஜை படகின் மேல்தட்டில்தான். நான் உள்ளே போய் எல்லாம் பார்க்கும்வரை அக்கா தீப்பெட்டியோடு காத்து நிற்பார். "தம்பி, பத்த வைக்கலாமா?"

அக்கா இறந்துவிட்டார். அவர் மகன் புது மாதிரி பேட்டரி வாங்கிப் போட்டுவிட்டான். தண்ணீர் வேண்டாம், வாடையும் கிடையாது. போன பூஜைக்கு அவனே சூடத்தை ஏற்றிக்கொண்டு நேராக உள்ளே இறங்கினான். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நான்தான் மேல்தட்டில் நின்று, "ம், பத்த வைங்கக்கா" என்று மெல்லச் சொல்லிக்கொண்டேன்.