மூடிய கண்ணும் அடங்கிய அலையும்

"கண் திறந்தார்" என்று நான் எழுதிய இரண்டு வார்த்தைகளால் செல்வராஜ் சாரின் சிகிச்சை நின்றுபோக இருந்தது.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், ஓட்டல், பாலாநகரில் லேத் பட்டறை என்று சுற்றிவிட்டு, பேகம்பேட்டில் ஒரு மனநல ஆய்வு கிளினிக்கில் சேர்ந்தேன். முதல் வேலை, வருகிறவர்களுக்குத் தலை கழுவிவிடுவது. எண்ணெய்த் தலையில், மூளை அலையைப் பிடிக்கும் எலெக்ட்ரோடு ஒட்டாது. பிறகு பேஸ்ட் வைத்து ஒயர்களை ஒட்டவும், திரையைப் பார்த்துத் தாளில் குறிக்கவும் கற்றேன்.

எந்த மாத்திரைக்கும் மனச்சோர்வு குறையாதவர்களுக்கு, மயக்க மருந்தான கெட்டமினைக் குறைந்த அளவில் ஏற்றி, மூளை அலைகளைப் பதிவு செய்வார்கள். செல்வராஜ் சார் மாரெட்பள்ளிக்காரர், ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டர். மூன்று வருடமாக வேலைக்குப் போகவில்லை. தலையைத் துவட்டும்போது, "இதுவும் கேக்கலைன்னா நம்மளால ஆவாது தம்பி" என்றார்.

பதிவு முடியும்வரை கண் மூடியிருக்க வேண்டும். முதல் தடவை பயத்தில் திறந்துவிட்டார். மறுபடி திறந்தால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவார்கள்.

கண் மூடினால் பின்தலை ஒயர்களில் ஆல்பா என்ற சீரான அலை எழும், திறந்தால் அடங்கும். இரண்டாம் தடவை மருந்து ஏறியதும் அது அடங்கியது. என் இடத்திலிருந்து அவர் முகம் தெரியாது. நான் எழுந்து பார்க்காமலே எழுதிவிட்டேன்.

ஆய்வை நடத்தும் டாக்டர் தாளைப் படித்துவிட்டு, அவரை நீக்க வேண்டியதுதான் என்றார்.

"நக்கோ மேடம், வேணாம்," என்றார் செல்வராஜ் சார். "மூடித்தான் இருந்தேன். உள்ளுக்குள்ளயே பட்டறை முழுக்க வெளிச்சம். ஒவ்வொரு போல்ட்டும் தெரிஞ்சுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். "குமார், அவர் கண்ண நீங்க பாத்தீங்களா?"

வேலை போய்விடும் என்று தெரிந்தது. "இல்ல மேடம். அலையத்தான் பாத்தேன்."

டாக்டர் பதிவைத் திரும்ப ஓட்டினார். கண் திறந்தால் நெற்றி ஒயரில் ஒரு எகிறல் விழும். அப்படி எதுவும் இல்லை. மூடிய கண்ணோடு ஆல்பாவை மருந்துதான் அடக்கியிருந்தது. ஆய்வில் அவர்கள் தேடிக்கொண்டிருந்ததே அதைத்தான். நான் அதைக் குற்றமாக எழுதியிருந்தேன்.

செல்வராஜ் சாருக்கு மீதித் தடவைகளும் மருந்து ஏறியது. எனக்கு ஒரு மாதம் தலை கழுவும் வேலை மட்டும். வெளிச்சத்தை மூளை எங்கிருந்து எடுக்கிறது என்று டாக்டரிடம் கேட்டேன். முழுதாக யாருக்கும் தெரியாது என்றார்.

மறுபடி திரை முன் உட்கார்ந்தபோது தாளில் நடுவே கோடு இழுத்தேன். ஒரு பக்கம் அலை காட்டியது. மறுபக்கம் நான் எழுந்துபோய்ப் பார்த்தது.