எஸ்தரின் தூக்கத்துக்காக நான் போட்ட கூச்சல்

1985 ஐப்பசி மழையில் தொடங்கியது அந்தத் தொல்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் வேலை எனக்கு. கணவர் விழுப்புரத்தில் லாரி மெக்கானிக், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். எங்கள் ஒரே மகள் எஸ்தருக்கு நான்கு வயது. ஓர் இடிச் சத்தத்துக்கு அலறி எழுந்தவள், அதன்பிறகு தினமும் தூக்கத்தில் அலறினாள். "பயமா கீதும்மா" என்பாள். விடியும்வரை அவளும் தூங்கமாட்டாள், என்னையும் தூங்க விடமாட்டாள்.

பக்கத்து வீட்டில் தாயத்து கட்டச் சொன்னார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொன்னார்கள். நான் விசுவாசி, எனக்கு ஜெபம் தெரியும் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன். சபையில் வியாதிக்காரர் தலையில் கை வைத்துப் பிசாசை அதட்டுவோமே, அதையே வீட்டிலும் செய்தேன். தினமும் படுக்குமுன் எஸ்தரின் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அசுத்த ஆவியே, என் பிள்ளையை விட்டுப் போ!" என்று கத்துவேன். தெருவே கேட்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன்.

ஒரு மாதம் ஓடியது. அலறல் குறையவில்லை, கூடியது. இப்போது "ஒர்த்தன் வர்றாம்மா" என்றாள். பிள்ளை துரும்பாய் இளைத்துவிட்டாள். நானோ வேலையில் தூங்கி விழுந்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். ஒருநாள் ஆத்திரம் தாங்காமல் அவள் முதுகில் அறைந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை கூசுகிறது.

அடித்த கையோடு சமையல்கட்டில் உட்கார்ந்து ஆண்டவரிடம் சண்டை போட்டேன். "எத்தினி நாளா கத்திக்கினு கீறேன், உமக்குக் காது கேக்கலியா? என்ன பண்றதுன்னு நீரே சொல்லும்!"

அந்தச் சனிக்கிழமை கணவர் வந்திருந்தார். வழக்கம்போல எஸ்தரின் தலைமேல் கை வைக்கப் போனேன். அவள் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள்.

"அம்மா ஜெபம் பண்ணட்டும், வாடா கண்ணு" என்றார் அவர்.

"வாணாம்ப்பா. எனுக்குள்ள ஒர்த்தன் கீறான்னு அம்மா தெனம் சொல்லுது. தூங்கனா அவன் வெளிய வர்றான்."

இடிக்குப் பயந்த பிள்ளைக்குள் பிசாசைக் குடிவைத்தது என் வாய்தான். எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்! ஒருநாளாவது, என்னம்மா பயம் என்று அவளிடம் கேட்டேனா?

அவளை மடியில் இழுத்துக்கொண்டேன். "உனுக்குள்ள யாருமே இல்லடி. அம்மா தப்பா சொல்லிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமா."

அவளை அழுத்திப் பிடிக்காமல், குரலை உயர்த்தாமல், இந்தப் பிள்ளை உம்முடையது என்று மட்டும் சொல்லி ஆமென் போட்டேன். பொய் சொல்லமாட்டேன், அலறல் அன்றே நின்றுவிடவில்லை. மேலும் சில நாள் எழுந்தாள். எழுந்தவள் என்னைத் தள்ளிவிடாமல் கட்டிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே விடிய விடியத் தூங்கத் தொடங்கிவிட்டாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

என் கோபம் முழுதும் போய்விடவில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்காக ஜெபித்தாலும் இப்போது மெதுவாகத்தான் பேசுகிறேன். சகோதரிகளே, உங்கள் பிள்ளையும் அலறி எழுந்தால் நம்பிக்கையோடு ஆண்டவரிடம் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேளுங்கள். எனக்கு அவர் அப்படித்தான் பதில் சொன்னார்.