மூன்றாம் நாள் பால்

என் கணவர் மஞ்சள் காமாலையில் போனபோது நான் அழுதேனா என்று கேட்டால், இல்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நடமாடுவது போல இருந்தது. பென்னலூரில் வாடகை வீடு, ஸ்ரீபெரும்புதூர் மிஷன் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை வேலை, ஐந்து வயது மகள். எல்லாம் அதுபாட்டுக்கு நடந்தது. சோறு பொங்கினேன், வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தேன், மகளுக்குத் தலை பின்னிவிட்டேன். எழுபதுகளில் இதற்கெல்லாம் பெயர் கிடையாது. கல்லு மாதிரி தாங்கிக்கொண்டாள் என்று சபையில் என்னைப் பாராட்டினார்கள். எரிச்சல் வந்திருக்க வேண்டும். அதுகூட வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்களில் மகளுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. நெற்றியில் ஈரத்துணி போட்டேன், மருந்து கொடுத்தேன், எனக்குள்ளே ஒன்றும் அசையவில்லை. காய்ச்சல் விட்டதும் யோசித்தேன். இந்தக் குழந்தை பாசம் இருக்கிற வீட்டில் வளரட்டும். சென்னையிலிருந்த நாத்தனாருக்குச் சொல்லி அனுப்பினேன். ஈஸ்டருக்கு மறுநாள் வந்து அழைத்துப் போவதாகவும், தன்னோடே வைத்து வளர்ப்பதாகவும் அவர் சொன்னார்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அக்கா கிண்ணம் நிறையப் பாயசத்தோடு வந்தார். நெல் பயிரிடும் குடும்பம்; கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்காமல் இருக்கமாட்டார். எங்களுக்கு லீவு என்றால் பண்டிகைதான் என்பது அவர் கணக்கு.

"இன்னா டீச்சரம்மா, பண்டிகையும் அதுவுமா அடுப்புகூட பத்த வெக்காம கீறீங்க?"

"இன்னிக்கி இயேசு சாமி செத்துப்போன நாள் பெரியம்மா" என்றாள் மகள்.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. சாவு வீட்டுக்குப் பாயசம் கொண்டுவந்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூத்தில் ராஜா செத்தாலே மூக்கைச் சிந்துகிறவர் அவர். கிண்ணத்தை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சனிக்கிழமை, துக்க வீட்டுக்குக் கொடுப்பது போலச் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினார். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

ஈஸ்டர் விடியலில் சபையார் கல்லறைத் தோட்டத்தில் கூடிப் பாடுவது எங்கள் வழக்கம். நான் போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். கணவரின் கல்லறை முன்னால் மரக்கட்டையாக நின்று அல்லேலூயா பாட என்னால் முடியாது. வெளிச்சம் வரும் நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். அக்காதான். தலைக்குக் குளித்திருந்தார். கையில் செம்பு.

"மூணா நாளு இல்ல? பாலு ஊத்தணுமே. எங்கள்ல பொம்பளைங்க அந்த எடத்துக்குப் போவக் கூடாது. உங்கள்ல போவீங்களாமே. நீங்க ஊத்திடுங்க டீச்சரம்மா, இப்பதான் கறந்தது."

பிறந்ததிலிருந்து ஈஸ்டர் கொண்டாடியிருக்கிறேன். அந்தச் செய்தி தெரியாத ஒருவருக்கு அதை நேருக்கு நேராகச் சொன்னதே இல்லை.

"பாலு வேணாம் அக்கா. அவரு இன்னிக்கி உயிரோட எழுந்துட்டாரு."

கேலி செய்கிறேனோ என்று சந்தேகப்பட்டு என்னையே பார்த்தார். "நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. இரண்டு நாளாகத் துக்கம் காத்தவர் அல்லவா, சந்தோஷம் எனக்கு முன்னால் அவருக்கு வந்துவிட்டது. பிறகு கேட்டார்: "எழுந்து வந்த புள்ளைய பெத்தவ பாத்தாளா?"

வேதத்தில் அப்படி ஒரு காட்சி எழுதியிருப்பதாக எனக்கு நினைவில்லை. எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

"பாத்திருப்பாங்க அக்கா" என்றேன்.

"அது போதும். புள்ள கண்ணு முன்னால இருந்தா பெத்தவளுக்கு வேற இன்னா வேணும்?"

உள்ளே மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அந்தப் பாயில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். பயம் வந்தது. உண்மையான பயம். கணவர் போனதற்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

பாலைக் காய்ச்சி மகளுக்குக் கொடுத்து, அவளை இழுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது பாட்டு முடியப்போகும் நேரம். கணவரின் கல்லறை முன்னால் அப்போதும் அழுகை வரவில்லை. மகளின் கையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன். வலிக்கிறது ஆண்டவரே, நன்றி என்று சொன்னேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

திங்கட்கிழமை நாத்தனார் வந்தார். மகள் இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

"உன்னால முடியலன்னு நீதானே சொன்ன?"

"இப்பவும் முடியலதான் அண்ணி. ஆனா அவ போயிட்டா எனக்கு மனசு தேடும்."

"தேடுமா?" என்று கேட்டு, நாத்தனார் என் தலையைத் தடவினார். சாயங்கால பஸ்ஸில் அவர் தனியாகத்தான் போனார்.