பதினான்கு சாக்கு

கைவிட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவதுதான் அவர் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் மூடி. இருபத்தாறு வருஷமாக அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்கிறார். அந்த மண்ணில் மேலே உப்புத் தண்ணீர், ஆழத்தில் நல்ல தண்ணீர். பழைய துளையைச் சும்மா விட்டால் உப்பு அதன் வழியே கீழே இறங்கும். அப்புறம் அக்கம்பக்கத்துக் குழாயெல்லாம் கரிக்கும்.

மனைவி இறந்த ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்தார். உடம்பு வந்தது, மனசு வரவில்லை. மனைவியின் தம்பிதான் அவருக்கு உதவியாள்.

"மாமா, நீங்க லாரியில உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

உட்கார்ந்தவர் அசந்துவிட்டார். விழித்தபோது துளை வாய்வரை சிமென்ட் நிறைந்திருந்தது.

"அதுக்குள்ளயா?"

"சீக்கிரம் வீட்டுக்குப் போவீங்கள்ல."

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. வேலை முடிந்தது என்று சூப்பர்வைசர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை லாரியில் கிடந்த காலிச் சாக்குகளை மடித்தார். மடிக்கும்போது எண்ணுவது பழக்கம். பதினான்கு. அந்த ஆழத்துக்குப் பத்தொன்பது வேண்டும்.

"மாப்ளே, குழாயை அடி வரைக்கும் இறக்கித்தானே ஊத்தினே?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "மேலேருந்தே ஊத்திட்டேன் மாமா."

அப்படி ஊற்றினால் சிமென்ட் நடுவழியில் சிக்கி நின்றுவிடும். மேலே பார்த்தால் நிறைகுடம், உள்ளே காலி.

"கையெழுத்தே போட்டாச்சு. உப்பு இறங்க வருஷக்கணக்காகும், யாருக்குத் தெரியப்போகுது?"

"இறங்கும்ல?"



தாளில் தன் கையெழுத்தை அவரே அடித்துக் கொடுத்தார். "முடிஞ்ச வேலையை எதுக்குய்யா கிளறுறே?" என்று சூப்பர்வைசர் கத்தித் தீர்த்தார். இறுகிய சிமென்டை மறுபடி துளைக்க இரண்டு நாள் ஆனது. அறுபதடியில் கம்பி சட்டென்று நழுவி இறங்கியது. அதற்குக் கீழே சிமென்ட் இல்லை, வெறும் தண்ணீர்.

குழாயை அடிவரை இறக்கினார்கள். கீழிருந்து சிமென்ட் ஏற ஏற, கலங்கல் தண்ணீர் மேலே வழிந்தது. அவர் உட்காராமல் பக்கத்திலேயே நின்றார்.

"அக்கா இருந்திருந்தா திட்டியிருப்பா," என்றான் அவன்.

"உன்னையா?"

"உங்களைத்தான். தூக்கம் வந்தா வீட்டுல தூங்க வேண்டியதுதானேன்னு."

அவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. "அங்கே தூக்கம் வரல மாப்ளே."

துளையின் வாயில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது. அவர் குனிந்து காலிச் சாக்குகளை எண்ணத் தொடங்கினார். அவனும் கூடவே எண்ணினான்.