தனலட்சுமியின் விக்கலும் முதலாளியின் கோலி சோடாவும்

என் டைரியில் ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றுக்கு எதிரே இப்படி இருக்கிறது: “சுத்துக்கேணி தனலட்சுமி. கார் டெஸ்ட். ரிவர்ஸில் விக்கல். ஃபெயில். மழை இல்லை.”

வானிலையையும் சேர்த்து எழுதுவது என் பழக்கம். வில்லியனூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கிளட்ச், கியர் பற்றியெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். ஓட்டுகிறவரின் வயிற்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தக் குறிப்பு.

வயலில் வராத விக்கல்

தனலட்சுமி கரும்பு போடுகிற குடும்பம். நாற்பதைத் தாண்டியவர். சொந்த வயலில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர் என்பதால் கிளட்ச் அவருக்குப் புதிதல்ல. அவர் கணவர் ராஜவேலுவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, அரியூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடந்துவந்தது. போகும்போது பழைய ஆம்னி வேனை அவரே ஓட்டிக்கொண்டு போய்விடுவார். திரும்பும்போதுதான் தொல்லை. ஒருநாள் தலை சுற்றி, வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். மறுவாரம் அந்த அம்மா எங்கள் ஸ்கூலில் வந்து நின்றார்.

“மாஸ்டர், எனக்கு ஊரு சுத்த லைசன்ஸ் வாணாம். இவர இட்டுனு போயி இட்டுனு வரணும். அவ்ளோதான்.”

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ராஜவேலுவும் கூடவே வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொள்வார்.

“மெதுவா திருப்புடி. பின்னால கரும்பு லோடா இருக்குது, இந்தக் குலுக்கு குலுக்கற?”

“வாய மூடினு வாங்க. இல்லன்னா இங்கியே எறக்கி வுட்டுடுவேன்.”

“எறக்கி வுடு. நான் பஸ்ல போயிடுவேன். நீ எப்படி வூடு வந்து சேருவன்னுதான் கவலயா இருக்குது.”

இப்படித்தான் பாடம் நடந்தது. விக்கல் என்ற பேச்சே எழவில்லை.

ராசி சோடா

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் உண்டு. டெஸ்ட் நாளில், வந்தவர், கூட வந்தவர் எல்லோருக்கும் பெட்டிக்கடையில் கோலி சோடா வாங்கித் தருவார். “வயித்துல இருக்கிற பயமெல்லாம் ஏப்பமா வெளிய வந்துடும்” என்பார். வேண்டாம் என்றால் முகம் சுண்டிப்போகும்.

ராஜவேலுவுக்கோ டாக்டர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தார். அன்றைக்கான தண்ணீரைச் சின்ன பாட்டில் ஒன்றில் எடுத்து வந்து, அதன் மூடியில் ஊற்றித்தான் குடிப்பார். ஆனாலும் முதலாளியின் மனம் நோகக் கூடாதென்று சோடாவை வாங்கிக்கொண்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மனைவி கையில் தள்ளிவிட்டார். தனலட்சுமி இரண்டையும் குடித்தார். பதற்றத்தில் மடக்மடக்கென்று, காற்றையும் சேர்த்து விழுங்கினார். ஏப்பம் வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்தி அடக்கிக்கொண்டார். ஆண்கள் வரிசையாக நிற்கிற இடமாயிற்றே.

டெஸ்ட் எடுக்கிற ஆபீசர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் விக்கல் ஆரம்பித்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஒவ்வொரு விக்கலுக்கும் உடம்பு தூக்கிப்போட, கிளட்சிலிருந்து இடதுகால் எகிறியது. கார் ஒரு குதி குதித்து ஆஃப் ஆனது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் திரும்பவும் அதே கதை.

“ஏம்மா, விக்கல் ஒனக்கா, காருக்கா?” என்றார் ஆபீசர்.

“ரெண்டு பேருக்கும் சார்” என்று சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று. அவர் சிரித்தார். ஆனால் பாஸ் போடவில்லை.

ஒரு மூடித் தண்ணீர்

அவர்களை பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன். ராஜவேலு அன்று கேலி பேசவில்லை. விக்கல் நின்றபாடில்லை. பஸ் ஸ்டாப்பில் பாட்டிலைத் திறந்து மூடியில் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

“வாயில வெச்சுக்கோ. முழுங்காத. மூச்ச அடக்கு. ஆங், இப்போ குனிஞ்சினு கொஞ்சங்கொஞ்சமா முழுங்கு.”

நாங்கள் மூவரும் காத்திருந்தோம். அடுத்த விக்கல் வரவில்லை.

“இத எங்க கத்துகினப்பா?” என்று கேட்டேன்.

“கிட்னிக்காரனுக்கு விக்கல் ஒறமொற மாதிரி மாஸ்டர். சொல்லாம வரும், லேசுல கெளம்பாது. சொம்பு சொம்பா தண்ணி குடிக்க எனக்கு வழி ஏது? அதான் ஒரு மூடியிலயே வெரட்டக் கத்துகினேன்.” பிறகு மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “சோடா குடிச்சது நீ. குடுத்தது நானு. நாம ரெண்டு பேருமே ஃபெயிலுடி.”

மறு டெஸ்ட்

மறு டெஸ்டுக்கு நானும் சிலவற்றைச் சொல்லிவைத்தேன். காலையில் சீக்கிரமே கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். அவசரமாக விழுங்கக் கூடாது. இடுப்புக்கட்டு இறுக்கமாக இருக்கக் கூடாது. வயிறு உப்பினால் உட்கார்ந்தே இருக்காமல் நாலு எட்டு நடக்க வேண்டும். ஏப்பம் வந்தால் யார் நின்றாலும் விட்டுவிட வேண்டும். கடைசி விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

டெஸ்ட் நாளில் சோடா வேண்டாம் என்றதும் முதலாளி பொங்கிவிட்டார். “என் சோடாவ குடிச்சவன்லாம் இன்னிக்கி லாரி ஓட்டினு இருக்கான் தங்கச்சி. நீ என்னாடான்னா அத்த குத்தம் சொல்ற.”

“அவங்களுக்கு ஏப்பம் வுட வெக்கம் இல்லண்ணே. எனக்கு இருக்குதே.”

அதே ஆபீசர்தான் வந்து ஏறினார். நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்தேன். கார் கிளம்புவதற்குள்ளேயே தனலட்சுமியின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. “சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒரு நிமிசம்.” இறங்கி நடந்து காரின் பின்னால் வந்து, டிக்கியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஏப்பம் விட்டார்.

“டிராக்டர் ஸ்டார்ட் ஆயிடுச்சுபா!” என்று வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். தனலட்சுமி யாரையும் பார்க்கவில்லை. வேலிப்பக்கம் வந்தார். ராஜவேலு ஏற்கெனவே மூடியில் ஊற்றி, சிந்தாமல் கம்பி இடுக்கு வழியே நீட்டியிருந்தார். வாங்கி வாயில் வைத்து, மூச்சை அடக்கி, குனிந்து மெல்ல விழுங்கினார். போய் உட்கார்ந்தார்.

“போலாமா?” என்றார் ஆபீசர். தனலட்சுமி வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

டெஸ்டுக்கு நட்டிருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே, ஆம்னி வேனைக் கொட்டகையில் விடுவதுபோலக் காரை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினார். ஆபீசர் இறங்கிவந்து ராஜவேலுவிடம் சொன்னார்: “அந்த மூடியில ஒண்ணு எங்க ஆபீசுக்கும் வேணும்பா.”

இப்போது அரியூருக்குத் தனலட்சுமிதான் ஓட்டுகிறார். ராஜவேலு முன்சீட்டில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே போகிறார். எங்கள் ஸ்கூலில் சோடா நின்று கடலை மிட்டாய் வந்துவிட்டது. ராசி அதற்கு மாறிவிட்டதாக முதலாளி சொல்கிறார்.

நான் கற்றது இதுதான்: பயந்தவர் கியரை மறப்பதற்கு முன்பே காற்றை விழுங்க ஆரம்பித்துவிடுகிறார். அதை வெளியே விட அவருக்கு ஒரு நிமிடமும், சிரிக்காத ஒரு முகமும் கொடுங்கள். விக்கல் நாள்கணக்கில் நிற்காவிட்டால் அது பயம் அல்ல, டாக்டரிடம் அனுப்புங்கள்.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. மறு டெஸ்ட் அன்று மனைவிக்குக் கொடுத்த தண்ணீரை ஈடுகட்ட, ராஜவேலு சாயங்காலம் மாத்திரையைத் தண்ணீரே இல்லாமல் விழுங்கினார் என்கிறார் தனலட்சுமி. “கத வுடறா மாஸ்டர், அன்னிக்கி பாட்டில்ல மிச்சமே இருந்துச்சு” என்கிறார் ராஜவேலு. இருவரையும் தனித்தனியே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஊற்றியதும் பாட்டிலை அவர் சட்டை மறைவில் வைத்துக்கொண்டதால் எவ்வளவு மிச்சம் என்று நான் பார்க்கவில்லை. டைரியில் அந்த நாளுக்கு எதிரே, “பாஸ். வெயில்” என்பதற்குக் கீழே, “தண்ணீர் விவரம்: உறுதியாகவில்லை” என்று எழுதி வைத்திருக்கிறேன்.